விளக்குக்கு ஒரு மிதி

தொம்.

"யோவ் ஃபெங், உன் காலை உடைச்சு அடுப்புல வைக்க. விளக்கு தானாவே எரியுதுய்யா" என்று வீட்டுக்குள்ளிருந்தே கத்தினேன்.

அவர் அதற்குள் மேல்மாடிக்குப் போய்விட்டார். தினம் சாயங்காலம் இதே கூத்து.

முன்பெல்லாம் ஷென்யாங்கில் எங்கள் மாதிரிப் பழைய குடியிருப்புகளில், காலால் ஓங்கி மிதித்துச் சத்தம் போட்டால்தான் படிக்கட்டு விளக்கு எரியும். இப்போது புது விளக்கு. ஆள் வந்தாலே எரியும். எல்லாரும் மிதிப்பதை விட்டாயிற்று, ஃபெங்கைத் தவிர. அதுவும் சரியாக என் வாசலில் வந்துதான் மிதிப்பார்.

வேறென்ன, பகைதான். குளிர்காலத்துக்கு நான் வாசலில் அடுக்கிய முட்டைக்கோஸை, வழியை அடைக்குது என்று வெளியே தள்ளிப் பனியில் அழுகவிட்ட ஆள். அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

குடியிருப்புத் தலைவி ஷியேயிடம் சொன்னேன். அவள் படிக்கட்டிலேயே அவரை மறித்து, எங்கள் ஊர் நாலெழுத்து வசவு ஒன்றைச் சொன்னாள். பழைய வழக்கத்தைக் கோட்டை மாதிரிக் காவல் காக்கிறவன் என்று அர்த்தம்.

"பழகிப்போச்சும்மா" என்று சிரித்தார் ஃபெங்.

"காலம் மாறிப்போச்சு பெரியவரே. நீங்களும் கொஞ்சம் மாறுங்க. பாவம், லூ அண்ணன் தனியா இருக்கிறவர்."

"நல்லா உறைக்கிற மாதிரி சொல்லும்மா" என்றேன், என் மரக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்து. மற்ற வீடுகளில் எல்லாம் இரும்புக் கதவு போட்டுவிட்டார்கள். மரத்துக்கு என்ன குறைச்சல்?

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. போன் கட்டிலில். மகள் ஷாங்காயில். இப்படியே கிடந்து போய்ச்சேர வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வாசலில் தொம்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மறுபடியும் தொம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு தொம் தொம்மென்று கதவிலேயே விழுந்தது. தாழ்ப்பாள் பிய்ந்து, கதவோடு ஃபெங்கும் உள்ளே வந்து விழுந்தார்.

சத்தம் கேட்டு ஷியே ஓடிவந்தாள். "என்ன பெரியவரே இது, மிதிச்சது போதாதுன்னு கதவையே உடைச்சிட்டீங்களா?"

ஃபெங் மூச்சு வாங்கினார்.

"தினம் மிதிச்சதும் திட்டுவான்மா. இன்னிக்குத் திட்டலை."