மணல் மூட்டைக்கு ஒரு பேரம்

ட்ரெட்மில்லை மனைவி இரண்டாவது முறையும் தடவிப் பார்த்ததும், அவள் வாங்க வந்தது அதுவல்ல என்று பாத்திரக்கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

முப்பத்தொரு வருடக் குடித்தனம். அதில் பாதி நாள் இரண்டு பேரும் கொள்முதலுக்குச் சேர்ந்து அலைந்தவர்கள். வேண்டிய சரக்கின் பக்கம் திரும்பவே கூடாது, வேண்டாததைக் கொஞ்ச வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்ததுதான். இப்போது அவரைவிட அவர் மனைவி அதில் கெட்டி.

உடற்பயிற்சிச் சாமான் விற்கும் கடை அது. திரும்பிய இடமெல்லாம் இரும்பு, நாலு சுவரிலும் கண்ணாடி. வந்தவன் தன் தொப்பையை நாலு கோணத்தில் பார்த்து வெட்கப்பட்டு, மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது ஏற்பாடு. முதலாளி விவரமான ஆள்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

எலும்பு தேய்கிறதாம், கனம் தூக்கினால் நல்லதாம், பின்னறையில் ஒரு மூலையை ஒதுக்கினால் போதுமாம். காலையில் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவரும் ஒன்றும் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. பதினெட்டு நாளாக அவர் அவளிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தார். மடியில் அதை வைத்துக்கொண்டு அடுத்தவரைக் குடைந்தால், பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

படி ஏறும்போது கால் தடுக்குகிறதே என்று தனியாகப் போய்க் காட்டியிருந்தார். நரம்பு டாக்டர் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கால் கொஞ்சம் கொஞ்சமாக ஓயும். இன்னும் இரண்டு வருடம் ஓடும். உயிருக்கு ஒன்றுமில்லை, அப்புறம் நடைதான் இருக்காது.

இது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தார். தெரிந்தால் அவள் சிரிப்பு நின்றுபோகும். பாத்திரக்கடைக்குள் அவள் சிரித்தால் தட்டுகள் அதிரும். இரண்டு வருடச் சிரிப்பை முன்கூட்டியே எதற்குத் தொலைக்க வேண்டும்?

அதனால் அவள் ட்ரெட்மில்லைக் கொஞ்சட்டும், நாம் நம் வேலையைப் பார்ப்போம் என்று விற்பனையாளன் பக்கம் திரும்பினார். சட்டைக்குள் அடங்காத புஜம் அவனுக்கு. உள்ளே நுழையும்போதே பயில்வான் என்று பேர் வைத்தாகிவிட்டது.

ரோஸ் நிற டம்பெல் ஜோடி ஒன்றை அவள் ஓரக்கண்ணால் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள். சரி, இதுதான் குறி.

அதைக் கையில் எடுத்தார். பித்தளை அண்டாவைத் தட்டுவது போல விரல் முட்டியால் தட்டி, காதில் வைத்துக் கேட்டார். உள்ளே பொக்கு என்றார். பயில்வான் பதறினான். இரண்டு கிலோ என்று போட்டிருக்கிறது, ஐம்பது கிராம் குறையும் என்றார். பயில்வான் தராசைக் கொண்டுவந்தான். ஐம்பத்தைந்து குறைந்தது.

அதற்குப் பிறகு விலை தானாகவே இறங்கியது.

இனி கடைசி அடி பாக்கி. அவர் வலது காதைத் தடவினால், அவள் எங்கிருந்தாலும் வந்து, இது சரிப்படாது, வேறு கடைக்குப் போகலாம் என்று அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாகப் பிசகாத ஏற்பாடு.

காதைத் தடவினார்.

அவள் வரவில்லை.

இன்னொரு தடவை, காது சிவக்கத் தடவிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கடைக் கோடியில், இடுப்பு உயரத்துக்கு நின்ற ஒரு தடித்த கித்தான் பையை அவள் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேண்டிய சரக்கை, எல்லோரும் பார்க்க, கட்டிப் பிடித்துக்கொண்டு. கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

பயில்வான் அவரை அப்படியே விட்டுவிட்டு அங்கே ஓடினான். சாமான் மனதுக்குப் பிடித்துப்போன முகம் அவனுக்கும் தெரியும்.

மணல் போட்டுத் தூக்குகிற பை அது என்று விளக்கினான். கொஞ்சமாகப் போட்டு ஆரம்பிக்கலாம், பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம், எண்பது கிலோ வரை தாங்கும். ஆனால் இரும்பு மாதிரி இது சொன்ன பேச்சு கேட்காது. தொய்யும், சரியும், ஒரு பக்கமாகச் சாயும். அம்மாவுக்கு டம்பெல்தான் தோது என்றான்.

சாய்கிற சாமான்தான் தனக்கு வேண்டும் என்றாள் அவள்.

தலைக்கு மேலெல்லாம் தூக்க வேண்டாம். கட்டில் உயரத்திலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தால் போதும். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள். கடை முழுக்க இரும்பாக இருந்ததால் எதிரொலித்து அவருக்கும் நன்றாகவே கேட்டது.

“தம்பி, இன்னிக்குப் பத்து கிலோல ஆரம்பிச்சா, ரெண்டு வருஷத்துல எழுபத்திரண்டு தூக்கிடலாமா?”

பாத்திரக்கடைக்காரர் கையிலிருந்த டம்பெல்லை மெல்லக் கீழே வைத்தார்.

எழுபத்திரண்டு. டாக்டர் கொடுத்த காகிதத்தின் முதல் வரியில், அவர் வயதுக்கும் உயரத்துக்கும் அடுத்து, அந்த எண்தான் இருந்தது.

காகிதத்தைத் தன் கடையில், பழைய தராசின் இருபது கிலோ எடைக்கல்லுக்கு அடியில் வைத்திருந்தார். அவளால் அசைக்க முடியாது என்று நம்பி.

எந்த நாள் அசைத்தாளோ. இந்தப் பதினெட்டு நாளில் ஒரு நாள்கூட அவள் சிரிக்காமல் இருந்ததில்லை.

முதுகை வளைக்காமல், அவசரப்படாமல் செய்தால் பார்க்கலாம் என்று பயில்வான் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் ஒரு கையால் சுவர்க் கண்ணாடியில் ஊன்றி ஊன்றி நடந்து, அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“எழுபத்திரண்டெல்லாம் ரொம்ப அதிகம்மா. அறுபத்தஞ்சுன்னு வச்சுக்க. ஏழு கிலோவ நான் குறைச்சுத் தரேன்.”

அவள் திரும்பவில்லை. பையின் பிடி உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அறுபதுன்னாதான் எனக்குக் கட்டுப்படியாகும்.”