நோய்க்காரி

மார்பு ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சாப்பாட்டு மேசையில் விசிறினார் மாமியார்.

“அபூர்வக் கட்டியாம். பட்டம் வாங்கினது பத்தாதுன்னு இதையும் வாங்கிட்டு வந்திருக்கா.”

“தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்தாம், அத்தை.”

“அதை உங்கப்பன் வீட்டுல போய்ப் பாத்துக்க. நோய்க்காரியோட எம்புள்ள ஏன் அல்லாடணும்? அவனுக்கென்ன குறைச்சல்? நாளைக்கே வேற பொண்ணு வரும்.”

கணவரைப் பார்த்தேன். “நீங்க வாயைத் திறந்து சொல்லுங்க.”

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அம்மா சொல்றாங்கல்ல, போ.”

பெட்டியோடு தெருமுனைக்கு வருவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

“உங்க பேர்ல நாளைக்குப் பெரிய டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கீங்க. விட்டா ரெண்டு மாசம் ஆகும். வருவீங்கல்ல?”

ஆம்பளைக்கு மார்பில் கட்டி என்றால் ஊர் சிரிக்கும் என்று, தெரிந்த டெக்னீஷியனைப் பிடித்து, ஸ்கேனுக்கும் டாக்டருக்கும் என் பெயரைக் கொடுத்தவர் என் கணவர்தான். ஸ்கேன் முடிந்ததும் அவர் மார்முடியில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டவள் நான்.

“வேண்டாங்க, ரத்து பண்ணிடுங்க,” என்றேன். “எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்.”