ஒருமை

"தட்டாம உள்ள வந்துட்டீங்களே! வெளிய போய், கதவைத் தட்டிட்டு வாங்க."

மேலாளர் அம்மையார் இதைச் சிரிக்காமல் சொன்னார். ஐம்பத்தாறு வயதுப் பெரியவர் சிரிக்க முயன்று, முடியாமல், வெளியே சென்று கதவைத் தட்டிவிட்டு மீண்டும் வந்தார்.

"மன்னிக்கணும்மா. லேத் பட்டறையில இருபத்தெட்டு வருஷம் இருந்துட்டேன். அங்க கதவை இடிச்சாக்கூட ஒருத்தர் காதுலயும் விழாது."

"இது ஆஸ்பத்திரி. இங்க ஊசி விழுந்தாலும் கேட்கும். உட்காருங்க."

பெரியவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. காலையில் மழித்த தாடையில் மட்டும் ஒரு சிறு வெட்டு. மேசைக்கு அப்பால் மேலாளரும், அவருக்குப் பக்கத்தில் பணியாளர் பிரிவின் இளம் அதிகாரியும் இருந்தனர். அதிகாரி விண்ணப்பத்திலிருந்து தலை நிமிரவே இல்லை.

"வரவேற்பு மேசை வேலைக்கு வந்திருக்கீங்க. உள்ள நுழையறவங்க முதல்ல பாக்குறது உங்க முகத்தைத்தான். தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"அப்ப ஏன் அதை இப்படி வச்சிருக்கீங்க?"

பெரியவர் அவசரமாக முகத்தை மாற்றிக்கொண்டார். பட்டறையை மூடிப் பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அதன் பிறகு பத்து இடங்களில் ஏறி இறங்கினார். வயதைக் கேட்ட மறுகணமே எல்லாரும் கைவிரித்தார்கள். விளம்பரத்தில் வயது வரம்பு போடாத இடம் இது ஒன்றுதான். இதையும் விட்டால் வேறு வழி இல்லை.

"நீங்க கேளுங்க" என்று மேலாளர் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

அதிகாரி தாளைப் பார்த்தபடியே படித்தார். "உறவினர் யாராவது இங்க வேலை பாக்குறாங்களா?"

"யாரும் இல்லைங்க சார்."

"நோயாளியோட வர்றவங்க கோபத்துல கத்தினா என்ன செய்வீங்க?"

"கத்தட்டும்னு விட்டுடுவேன் சார். ஆஸ்பத்திரிக்கு யாரும் ஆசைப்பட்டு வர்றதில்லையே! கத்தி முடிச்சதும் உட்கார வச்சு விசாரிச்சு, எந்த அறையோ அங்க நானே கூட்டிட்டுப் போய் விடுவேன்."

மேலாளரின் பேனா முதன்முறையாகத் தாளில் எதையோ குறித்தது. பெரியவரின் முதுகு சற்று நிமிர்ந்தது.

"பதினாலு மாசமா வேலை இல்லாம... வீட்டுல எப்படி..." அதிகாரிக்குத் தொண்டை கமறியது. தொடங்கிய இருமல் நிற்கவில்லை. கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

பெரியவர் எழுந்துவிட்டார். மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை அவர்பக்கம் நகர்த்தினார்.

"மெதுவாக் குடிப்பா. அவசரப்படாத."

மேலாளரின் பேனா நின்றது.

"யாரைப் பார்த்துக் 'குடிப்பா'ன்னு சொல்றீங்க? வயசுல சின்னவர்னா, அதிகாரியையும் ஒருமையில பேசிடுவீங்களா?"

"தப்புதாம்மா. வாய் தவறி வந்துடுச்சு." பெரியவர் அதிகாரியை நோக்கிக் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க சார்."

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் அதற்குள், "சார் மேல எந்தத் தப்பும் இல்லம்மா" என்று முந்திக்கொண்டார்.

"சரி, நீங்க போகலாம்."

அவர் சென்றதும் மேலாளர் பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷர்தான். ஆனா, வாசல்ல உட்கார்ந்துகிட்டு டாக்டருங்களையே 'வாப்பா, போப்பா'ன்னா நம்ம பேரு என்ன ஆகும்? 'பொருத்தமற்றவர்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

அதிகாரி எழுதினார், கையெழுத்தும் இட்டார். பிறகு நடைபாதையின் கோடிக்குச் சென்று, சுவரைப் பார்த்து நின்றபடி கைபேசியில் பேசினார்.

"இங்கயும் கிடைக்கலம்மா. அப்பா கிளம்பிட்டார்... வந்ததும் எதுவும் கேக்காத."