மாமன் மச்சான் டீம்

“எடுத்துட்டாங்க” என்றான் சில்வெஸ்டர், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கை பிரிஜெட் முறத்தை அப்படியே போட்டாள். “மாதாவே!” என்று கத்தினாள். அழுகையும் சிரிப்புமாக அடுப்படிக்குள் ஓடினாள்.

அவள் ஏன் சிரிக்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பாழாய்ப்போன சொல். டீமில் சேர்த்துக்கொண்டாலும் எடுத்துட்டாங்க; டீமைவிட்டுத் தூக்கினாலும் எடுத்துட்டாங்க.

பொம்மசந்திராவில் பஸ் ஏறியதிலிருந்து காக்ஸ் டவுனில் இறங்கும்வரை ‘டீம்லேர்ந்து எடுத்துட்டாங்க’ என்றுதான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் முன்பாதி விட்டுப்போய்விட்டது.

தூக்கியது அவள் புருஷன் மைக்கேல்ராஜை.

கம்பெனி ஃபுட்பால் டீமில் அவன் லெஃப்ட் பேக். சம்பளத்துக்கு ஆடுகிறவன், வருஷா வருஷம் கான்ட்ராக்ட். இந்த வருஷமும் வைத்துக்கொண்டால் கம்பெனியிலேயே பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. வைத்துக்கொள்ளாவிட்டால் அவ்வளவுதான். முப்பது தாண்டிய, முட்டியில் தையல் போட்ட லெஃப்ட் பேக்கைப் பெங்களூரில் எந்த கிளப்பும் ஏறெடுத்துப் பார்க்காது.

அதே டீமில் சில்வெஸ்டர் அசிஸ்டென்ட் கோச்.

தொண்ணூற்றேழாம் வருஷ சீசனில் டீம் படுகேவலமாகத் தோற்றுக் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. கேலரியில் உட்கார்ந்தவர்கள் ‘மாமன் மச்சான் டீம்’ என்று கூவினார்கள். பொய்யும் இல்லை. பெரிய கோச்சின் மருமகன் ஃபார்வர்ட். கோல்கீப்பர் காயம்பட்டால் இறங்க உட்கார்ந்திருந்தது கோல்கீப்பரின் தம்பி.

சீசன் முடிந்து மைதானத்தில் புல் காய்வதற்குள் வெட்டு ஆரம்பித்துவிட்டது. முதலில் பெரிய கோச்சை அனுப்பினார்கள். வெளியே போகிற கோச் யாராக இருந்தாலும், மேனேஜர் சிவசங்கரனின் மேஜைமேல் விசிலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே அது எழுதாத சட்டம். அத்தனை வருஷம் ஊதிய விசிலை அவர் கர்சீப்பால் துடைத்துவிட்டு வைத்தார். சில்வெஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆட்டக்காரர்களில் யார் இருப்பது, யார் போவது என்பது இன்று மத்தியானம்தான் முடிவானது. மச்சானுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சில்வெஸ்டர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். மே மாத வெயிலில் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

பிரிஜெட் ஒரு கை சர்க்கரையோடு ஓடிவந்து அண்ணன் வாயில் போட்டாள்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் நிறையச் சர்க்கரை. அதையே சாக்காக வைத்துக்கொண்டு பேசாமல் நின்றான். அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே மைக்கேல்ராஜ் பின்கட்டிலிருந்து வந்தான்.

“உங்களை எடுத்துட்டாங்களாம்! அண்ணா சொல்லத்தான் வந்திருக்காரு” என்று அவனிடம் கத்திவிட்டு பிரிஜெட் மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மைக்கேல்ராஜ் சிரிக்கவில்லை. துண்டு தலையிலேயே இருக்க, சில்வெஸ்டரைப் பார்த்தபடி நின்றான். அவன் கண் நிறைந்தது.

“ஒரு வீட்டுக்கு ஒரு ஆளுதான்னு சிவசங்கரன் சார் சொன்னாரே, மச்சான். அப்ப நீங்க?”

மாமன் மச்சான் பேச்சுக்கு முடிவு கட்ட மேனேஜர் போட்ட புது ரூல் அது. இந்தக் குடும்பத்திலிருந்து டீமில் யார் இருப்பது என்பதை சில்வெஸ்டரையே சொல்லச் சொல்லியிருந்தார். அதுவும் மைக்கேல்ராஜுக்குத் தெரியும்.

சில்வெஸ்டர் தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினானா, இல்லை என்று ஆட்டினானா, அவனுக்கே தெரியவில்லை.

மைக்கேல்ராஜ் பாய்ந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டான். ஆறடி ஆள், சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான். எனக்காக விட்டுக்கொடுத்துட்டீங்களே, எனக்காகவா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லச் சொல்ல இன்னும் இறுக்கினான்.

பிறகு விசும்பல் நின்றது.

நெஞ்சில் ஏதோ குத்தியிருந்தது. மைக்கேல்ராஜ் மெல்லப் பின்னால் நகர்ந்தான். சில்வெஸ்டரின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான். உள்ளே புதுப் பச்சைக் கயிறு. இழுத்ததும் விசில் வெளியே வந்தது. யாரும் இன்னும் வாய்வைக்காத விசில்.

புருஷன் தேர்வாகிவிட்டதை அடுப்படி ஜன்னல் வழியாக பிரிஜெட் பக்கத்து வீட்டு மமதாவிடம் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “நம்ம யஜமான்ரு செலக்ட் ஆத்ரு!”

கன்னடத்தில் சொன்னபோது அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

மைக்கேல்ராஜ் விசிலைத் திரும்பச் சட்டைக்குள் போட்டான். பொத்தானைப் பூட்டிவிட்டான். துண்டால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

“பிரிஜெட்கிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றான். “நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க, மச்சான்.”