பூச்சி அரித்த ஏடுகள்

“வீட்டில் இருக்கும் பொருளைக் காப்பாற்றத் தெரியாதவர்கள், அதைத் தெரிந்தவர்கள் கையில் நேரத்தோடு கொடுத்திருக்க வேண்டும்!”

சந்திரிகா ஒலிபெருக்கியில் இப்படிச் சொன்னதும் சேலையூர்க் கல்யாண மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஜெயக்கொடி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லடி யாருக்கு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மந்திரம், யந்திரம், மருந்து என்று, குருவும் சீடனும் தவிர மூன்றாம் மனிதர் அறியாத மறைபொருளெல்லாம் அடங்கிய ஓலைச்சுவடி அது. தாம்பரத்தில் அரிசி மண்டி நடத்தும் ஜெயக்கொடியின் வீட்டில் இருந்தது. அவளே அதைச் சந்திரிகாவின் சுவடிக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தாள். ஏடு ஏடாகப் படமெடுத்துவிட்டுச் சுவடியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவு அந்தப் படங்களைப் படித்து, பதம் பிரித்து, பொருளும் எழுதியது. சிறப்பு விருந்தினர் வந்து பொத்தானை அழுத்திவிட்டால், இனி உலகமே கைப்பேசியில் படிக்கலாம்.

அவருடைய கார் பெருங்களத்தூர் நெரிசலில் நின்றது. சந்திரிகாவுக்குப் பேச நேரம் தாராளமாகக் கிடைத்தது.

“பூச்சி தின்ற சொற்களை, துளையோரம் மிஞ்சிய கீறலையும் செய்யுளின் எதுகை மோனையையும் கொண்டு இயந்திரம் மீட்டுவிட்டது. ஒரு துளைகூட மிச்சமில்லை!”

மறுபடியும் கைதட்டல். மேடையிலிருந்து இறங்கியவளை ஜெயக்கொடி படியிலேயே மறித்தாள்.

“யம்மா, இன்னா சொன்னே? ரொப்பிட்டியா?”

“ஆமாம்மா. உங்க அலட்சியத்தை நாங்க சரி பண்ணிட்டோம்.”

“எல்லாத்தையுமா? ஐயையோ!”

“சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல ஏன் இப்படி வெலவெலத்துப் போறீங்க?”

“அந்த ஏட்ட எனக்குக் காட்டு. இப்பவே காட்டு.”

மேடைக்குப் பக்கவாட்டில் கணிப்பொறியோடு உட்கார்ந்திருந்த காலேப், பெருமையோடு திரையைத் திருப்பினான். “பாருங்கக்கா! பூச்சி நூறு வருஷமா தின்னதை நம்ம ஏஐ ஒரே நிமிஷத்துல கக்க வெச்சிடுச்சி.”

இயந்திரம் நிரப்பிய சொற்கள் சிவப்பில் இருந்தன. சந்திரிகாவும் எட்டிப் பார்த்தாள்.

‘பகைவன் நா அடங்க’ என்று தலைப்பிட்ட ஏட்டில் ஒரு சிவப்புச் சொல். கூடிய குடி பிரிய: ஒரு சிவப்புச் சொல். உண்டவன் எழாதிருக்க: ஒரு சிவப்புச் சொல். எல்லாம் சேர்க்க வேண்டிய மருந்துச் சரக்கின் பெயர்.

குழந்தைச் சுரத்துக்கான ஏட்டில் சிவப்பே இல்லை. தேள்கடிக்கும் இல்லை.

ஒற்று ஒன்று விடுபட்டாலும் உறக்கம் கொள்ளாதவள் சந்திரிகா. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே இலக்கணம் பார்த்தாளே தவிர, எல்லாவற்றையும் சேர்த்து இப்போதுதான் பார்க்கிறாள்.

“காலேப், அடுத்த ஏட்டின் படம்.”

துளை இல்லை. பூச்சி துளைத்தால் ஏடு ஏடாகத் துளைத்துக்கொண்டே போகும். இது ஓர் ஏட்டோடு நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும்.

அவள் ஜெயக்கொடியின் பக்கம் திரும்பினாள்.

“ஜெயக்கொடிம்மா... இது பூச்சி இல்ல.”

“கோணி ஊசி. மண்டில மூட்டை தைக்கிறது. நான்தான் குத்துனேன்.” ஜெயக்கொடியின் குரல் தழைந்தது. “எங்க சித்தப்பா சோறு துன்னுட்டுப் படுத்தாரு, எய்ந்துக்கவே இல்ல. இத்தப் பாத்துதான் கலந்தது. மனைக்கட்டுத் தகராறு.”

“யார் கலந்தது?”

“எங்கப்பா.”

காலேப்பின் கை விசைப்பலகையை விட்டு விலகியது.

“அப்படிப்பட்ட ஏட்டை எங்கிட்ட ஏன் கொடுத்தீங்க? எரிச்சிருக்கலாமே!”

“கொய்ந்தை ஜொரத்துக்கு மருந்தும் அதுலதானே கீது? அது நாலு பேருக்கு ஒதவட்டுமேன்னுதான். கெட்ட ஏட்ட மட்டும் உருவினா, ஏட்டு எண் காட்டிக் குடுத்துடும்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“ஒரு எய்த்து மறைச்சாலும் வாங்க மாட்டோம்னு நீதானே போர்டு மாட்டி வெச்சிகினு கீறே!”



“மேடம், நிரப்பினதை மட்டும் எடுத்துடவா? படம் துளையோட இருக்கட்டும்” என்றான் காலேப்.

“நம்ம மெஷின் கண்டுபிடிச்சதை, இன்னொருத்தன் மெஷின் கண்டுபிடிக்காதா?” என்றாள் சந்திரிகா.

“அப்போ, ஆபத்தான ஏடுகளை எடுத்துட்டோம்னு சொல்லிடலாமே?”

“சொல்லிப் பாரு” என்றாள் ஜெயக்கொடி. “அந்த ஏட்டக் கேட்டு, நாளைக்கே என் மண்டி வாசல்ல கார் போட்டுகினு வந்து நிப்பானுங்க.”

“அசல் உங்ககிட்டதானே இருக்கு?” என்றாள் சந்திரிகா.

“அந்த ஏடுங்களா? நீ திருப்பிக் குடுத்த அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்.”

அப்படியானால் இவ்வுலகில் மிஞ்சியிருப்பது இந்தக் கணிப்பொறியில் உள்ள படங்களும் இயந்திரம் எழுதிய பாடமும் மட்டுமே. ஓர் எழுத்தையும் அழிய விடுவதில்லை என்று வாழ்நாளெல்லாம் நோன்பிருந்தவள், திரையில் இருந்த அந்த ஏடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

வாசலில் நாதஸ்வரம் முழங்கியது. சிறப்பு விருந்தினர் மேடையேறி, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஆவலோடு கேட்டார்.

“பூச்சி அரிச்சதையெல்லாம் மீட்டுட்டீங்களாமே மேடம்! முதல்ல அந்த ஏடுகளைத்தான் காட்டணும்.”

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சந்திரிகா காலேப்பைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். அவன் அந்தச் சில ஏடுகளை மட்டும் தேர்ந்து, விசையை அழுத்தினான்.

அவள் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள்.

“மன்னிக்கவும். அந்த ஏடுகளின் படங்களும் பாடமும் என் கவனக்குறைவால் அழிந்துவிட்டன.”