தாய்மாமன் கட்டம்

ராயப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஷரீஃப் பாய், புதிதாக வாங்கிய ஏ.ஐ. சாஃப்ட்வேர் முன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விவரத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி. வாசகம், டிசைன் எல்லாம் அதுவே போட்டுக் குடுத்துடும்."

தி.நகர் ஜவுளிக்கடை சுயம்புலிங்கம், மகளின் முகூர்த்தம், மண்டபம் எல்லாவற்றையும் சொன்னார். டைப் அடித்துக்கொண்டே வந்த பாய், திரையை உற்றுப் பார்த்தார்.

"பொண்ணோட தாய்மாமன் பேரு கேக்குது."

"அவன் பேரு வேண்டாம் பாய். பேச்சுவார்த்தை நின்னு ஒன்பது வருஷம் ஆச்சு."

"நான் இன்னா பண்றது அண்ணாச்சி? கட்டம் காலியா கீதுன்னு அப்படியே நிக்குது!"

சுயம்புலிங்கம் கம்ப்யூட்டரின் முதுகை முறைத்தார்.

"மனுஷன் சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன். மிஷின்கிட்ட என்னத்த மல்லுக்கட்ட? ஆறுமுகநயினார்னு போடும்!"

வாசல்வரை போனவர் திரும்பினார். "பேரு போட்டாச்சுன்னா, வெத்தலபாக்கு வச்சு நேர்லதான் அழைக்கணும், என்ன?"

"பின்னே? அதானே மொறை!"

அவர் தலை மறைந்ததும், உள்ளேயிருந்து பாயின் மனைவி அஃப்சருன்னிசா எட்டிப் பார்த்தார்.

"நம்ம பையன் காஷிஃப் நிக்காஹ் பத்திரிகையும் இதுலதானே போட்டீங்க? அப்ப மாமன் பேரு ஒண்ணும் கேக்கலியே?"

"இப்பவும் கேக்கல" என்றபடி பாய் போனை எடுத்தார்.

"மீனாட்சிம்மா, காலையில நீங்க வந்து அழுதீங்களே, உங்க அண்ணன் பேரு ஏறிடுச்சு. உங்க வீட்டுக்காரரு அழைக்கப் போறாரு. திட்டுனாருன்னா, நீங்களும் சேர்ந்து மிஷினைத் திட்டிடுங்க!"