தானே அடிக்கும் மட்டை

பக்கவாதம் வந்த ஏழாம் மாதம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லாசரஸ் தன் வலது கை தேறிவிட்டதாகச் சொன்னார். மகள் வாங்கித் தந்த பேஸ்பால் வீடியோ கேம்தான் அதற்குச் சாட்சி. படம் அத்தனை துல்லியம். பந்தின் சிவப்புத் தையல் சுழல்வதுகூடத் தெரியும். பந்து நெருங்கும்போது கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் மட்டை வீசும். பத்துக்கு எட்டுப் பந்துகளை அடித்தார்.

"திங்கக்கிழமை டூட்டில சேந்துருதேன்."

அவர் குளிக்கப் போனபோது, மனைவி ரெஜினா கன்ட்ரோலரைத் துடைக்க எடுத்தாள். அவள் எதையும் அழுத்தவில்லை. திரையில் பந்து வந்தது. மட்டை தானாகவே சுழன்று அடித்தது. அடுத்ததையும் அடித்தது. செட்டிங்கில் தேடினாள். ஆட்டக்காரனுக்கு உதவி: முழுமையாக.

கிரேனில் ஆடும் இரும்புப் பெட்டிகளுக்குக் கீழே ஆட்கள் நடமாடுவதை நினைத்தாள். உதவியை நிறுத்தினாள்.

அவர் வந்து உட்கார்ந்தார். முதல் பந்து மட்டையில் படாமல் போயிற்று. இரண்டாவதும்.

"என்னட்டி செஞ்ச?"

"இதுவரைக்கும் நீங்க அடிக்கலைங்க. அதுவே அடிச்சிருக்கு." ரெஜினா கன்ட்ரோலரை நோக்கிக் கை நீட்டினாள். "திரும்பப் போட்டுரவா?"

அவர் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தார். "வேண்டாம். நீ என் விரலப் பாரு."

பந்து புறப்பட்டது. ரெஜினா அவர் விரலையே பார்த்தாள்.

"அசைஞ்சுது," என்றாள். "பந்து போன பெறகு."

அவர் இடது கையால் போனை எடுத்தார். "சார், திங்கக்கிழமை வேற ஆளப் போட்ருங்க."

எப்போது வருவீர்கள் என்று மறுமுனை கேட்டது. அவர் அடுத்த பந்துக்காகத் திரையைப் பார்த்தார்.